ரோமாபுரிக் கிழவனின் வேஷம்

பாதி ஆயுளுக்கு மேல் ஓசூரில் கழித்துவிட்டேன். உழவர் சந்தையில் கீரை விற்கும் அம்மா இன்னும் என்னை மலையாளி என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார். நேற்றும் அதே கதைதான். பக்கத்துக் கடைக்காரரிடம் கன்னடத்தில் சில்லறை கேட்டு, எனக்கு முன்னால் நின்ற பெண்ணிடம் தெலுங்கில் விலை பேசி முடித்துவிட்டு, என் பக்கம் திரும்பித் தமிழில், "உங்க கேரளாவுல மொளக்கீரை சாப்புடுவாங்களா சார்?" என்றார். "நான் நாகர்கோவில்காரன்மா. தமிழன்தான்" என்றேன். "அதான் சார், கேரளா" என்று ஒரு கட்டைச் சேர்த்துப் பையில் போட்டார். ஆரம்ப காலத்தில் இதற்குக் கோபப்பட்டிருக்கிறேன். இப்போது வாங்கிக்கொண்டு நடையைக் கட்டுகிறேன்.

நாஞ்சில் நாட்டில் இருந்துகொண்டு இதை வாசிப்பவர்களுக்கும், என்னைப் போல அங்கிருந்து கிளம்பி எங்கெங்கோ வேர் பிடித்தவர்களுக்கும் ஒன்றைச் சொல்ல வேண்டும். கடல் தாண்டாமல், மாநில எல்லைகூடத் தாண்டாமல் ஒருவன் அந்நியனாகிவிட முடியும். நான் பேசும் தமிழ் இங்கே பாட்டு மாதிரி இருக்கிறது என்பார்கள். சித்திரையிலும் விடியற்காலையில் போர்வை தேடும் ஊர் இது. கடற்காற்றுக்குப் பழகிய என் தோல், ரோஜாப்பூ ஏற்றிய வண்டிகளும் தொழிற்சாலைப் பேருந்துகளும் ஒன்றையொன்று முந்தும் சாலையில் வெகுகாலம் திகைத்து நின்றது. அதனால் எதைக் கண்டாலும் "எங்க ஊர்ல" என்று ஆரம்பிப்பேன். எங்க ஊர்ல மீன் இப்படி இருக்காது, எங்க ஊர்ல மழை இப்படிப் பெய்யாது. அது ஒரு வியாதியாகவே என்னிடம் தங்கிவிட்டது.

கல்லூரியில் ஆங்கில இலக்கியம் நடத்தினேன். மொழிபெயர்ப்பில் வந்த பழைய கிரேக்க, ரோமானிய நாடகங்கள்தான் எனக்கு மிகப் பிடித்த பாடம். தளியிலிருந்தும் பாகலூரிலிருந்தும் டவுன் பஸ்ஸில் வரும் மாணவர்கள் வருடம் தவறாமல் ஒரே கேள்வியைக் கேட்பார்கள். இத்தனை பழைய, இத்தனை தூரத்துக் கதைகள் நமக்கு எதற்கு? என்னிடம் பதில் தயாராக இருந்தது. சட்டம், மக்களாட்சி, தத்துவம், மேடை எல்லாவற்றுக்கும் வேர் அங்கே இருக்கிறது என்பேன். பரீட்சைக்கு நல்ல பதில். நான் அதை நம்பவும் செய்தேன். ஆனால் என்னை அது எங்கும் தொட்டதில்லை என்பது இந்த வயதில்தான் தெரிகிறது.

இனி நான் செய்ததைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஒரே மகள், உமா. அவள் விரும்பியது பாகலூரில் ரோஜா பயிரிடும் தெலுங்குக் குடும்பத்துப் பையன் முனிராஜுவை. அவன் என் வகுப்பில் படித்தவன். ரோமானிய நகைச்சுவை நாடகங்களில் மகனின் காதலுக்குக் குறுக்கே நிற்கும் கஞ்சக் கிழவனை நான் நடித்துக் காட்டும்போது முதல் பெஞ்சில் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தவன். அவன் பெண் கேட்டு வந்தபோது, நாங்கள் ஊருக்குத் திரும்பிப் போகப் போகிறவர்கள், நம்ம ஆட்களில்தான் பார்ப்போம் என்றேன். சாதி என்ற சொல்லை நான் உச்சரிக்கவில்லை. நான் சொன்னதற்கு அர்த்தம் அதுதான். உமா அவனையே கட்டிக்கொள்வேன் என்றதும், "நீ எனக்கு மகளே இல்ல" என்று கத்தினேன். கல்யாணத்துக்குப் போகவில்லை. பேத்தி பிறந்தபோதும் போகவில்லை. என் மனைவி பார்வதி மட்டும் பஸ் ஏறிப் போய்வருவாள். திரும்பி வந்ததும் பேத்தியைப் பற்றிச் சமையலறையில் நின்று சுவரிடம் சொல்வது போலச் சத்தமாகச் சொல்வாள். நான் கூடத்தில் பேப்பர் வாசிப்பது போல உட்கார்ந்து கேட்பேன். ஊருக்குத் திரும்பிப் போகவும் இல்லை.

போன மாதம் பார்வதி என் எதிரிலேயே வந்து நின்றாள். "உமா வீடு கெட்டி முடிச்சிட்டா. ஞாயித்துக்கெளம வெள்ளென பால் காய்ச்சுதாங்க. கல்யாணத்துக்கு வராதவரு இதுக்காவது வருவாரான்னு கேட்டா. இனிமே ஒரு மட்டமும் கேக்க மாட்டாளாம். வருவியளா மாட்டியளா?" பார்க்கலாம் என்றேன். "பாத்துக்கிட்டே இருங்க" என்று போய்விட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின நாள், சனிக்கிழமை மாலை, எங்கள் குடியிருப்பின் ஆண்டு விழா. கீழ்வீட்டு மாதேஷ் இந்த முறை சினிமாப் பாட்டுக்கு ஆடுவதை விட்டுவிட்டு நாடகம் போடலாம் என்று கிளப்பிவிட்டார். கல்லாவிப் பக்கம் கூலி வேலை செய்த குடும்பத்திலிருந்து வந்து, இங்கே ஒரு தொழிற்சாலையில் மெஷின் ஓட்டுகிறவர். நாற்பது வயதிருக்கும், வாய்க்குப் பூட்டில்லாத மனிதர். கதை கேட்டு என்னிடம் வந்தார். ரோமானிய நாடகங்களின் போக்கில் நானே ஒன்றைக் கட்டிக்கொடுத்தேன். பக்கத்து வீட்டுப் பெண்ணைக் காதலிக்கும் மகன், தூரத்துச் சொந்த ஊரில்தான் பெண் எடுப்பேன் என்னும் கஞ்ச அப்பன், இருவரையும் ஆட்டிவைக்கும் கெட்டிக்கார வேலைக்காரன்.

"ரோமாபுரியில என்னா சார் சாப்புடுவாங்க?" என்றார் மாதேஷ்.

"பழைய காலத்துல ஏழைபாழைங்க தானியத்தக் கிண்டிக் களி மாதிரி சாப்பிட்டாங்க."

"அப்ப நம்ம ஆளுங்கதான். உடுப்பு?"

"வெள்ளைத் துணிய ஒடம்புல சுத்தித் தோள்ல போட்டுக்குவாங்க."

"அதுக்குப் பெட்ஷீட்டு போதும். சாமி வேஷத்தவிடச் செலவு கம்மி. வேலைக்காரன் யாரு, நானா?"

"நீங்கதான்."

"எசமானன நாலு வார்த்த கேக்கலாமா?"

"அதுக்காகத்தான் அந்த வேஷமே."

மாதேஷுக்கு முகமெல்லாம் பல். கிழவன் வேஷத்துக்குத்தான் ஆள் கிடைக்கவில்லை. குடியிருப்புச் செயலாளர் ஒப்புக்கொண்டு, தன் சம்பந்தி விழாவுக்கு வருகிறார் என்று தெரிந்ததும் கழன்றுகொண்டார். இன்னொருவர், தான் அப்படிப்பட்ட அப்பன் இல்லை என்று கோபித்துக்கொண்டார். "நீங்களே போட்டுக்குங்க சார். நீங்க நடிக்கவே தேவையில்ல, சும்மா பேசினா போதும்" என்றார் மாதேஷ். எல்லோரும் ஏன் அப்படிச் சிரித்தார்கள் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

ஒத்திகையில் புரிந்தது. மாதேஷ் என் வசனங்களுக்கு நடுவே தன் சரக்கைச் செருகினார். கிழவன் வாயைத் திறக்குமுன், "இப்பப் பாருங்க, எங்க ஊர்லன்னு ஆரம்பிப்பாரு. அவுங்க ஊர்ல தோசை வட்டமா இருக்குமாம். அவுங்க ஊர்ல நெலாவே பெருசாம்" என்பார். நாற்காலி அடுக்க வந்தவர்கள்கூட நின்று சிரித்தார்கள். குடியிருப்பே என்னை இப்படித்தான் பேசிக்காட்டிச் சிரித்துக்கொண்டிருந்திருக்கிறது. முதல் நாள் சுருக்கென்றது. அடுத்த நாள் நானும் சேர்ந்து சிரித்தேன். மூன்றாம் நாள் நிலாவுக்கு மேல் ஒரு படி போய், எங்க ஊர்ல கொசுகூட மரியாதை தெரிஞ்சு கடிக்கும் என்று நானே ஒன்று சேர்த்தேன். இத்தனை சந்தோஷமாக நான் இருந்து எத்தனையோ காலமாகிவிட்டது.

அந்த நாட்களில் பழைய பாடங்கள் எனக்குள் வேறு மாதிரி ஓட ஆரம்பித்தன. கிரேக்கத் துன்பியல் நாடகங்களிலும் பிடிவாதக்காரர்கள் வருகிறார்கள். சொன்ன சொல்லை விட மாட்டேன் என்று நிற்கிறார்கள். கடைசியில் மனம் மாறி ஓடுகிறார்கள், அதற்குள் எல்லாம் முடிந்து தூதன் செய்தியோடு வந்துவிடுகிறான். ரோமானிய நகைச்சுவையிலும் அதே பிடிவாதக்காரன்தான். ஆனால் அவனை ஒரு வேலைக்காரன் ஏமாற்றி, இழுத்துக்கொண்டு வந்து, விருந்து முடிவதற்குள் இலை முன்னால் உட்கார்த்திவிடுகிறான். இரண்டு வகைக்கும் நடுவே உள்ள வித்தியாசம் கொஞ்ச நேரம்தான். வெட்டவெளியில், ஊர் முழுக்கக் கூடியிருந்து, தங்கள் வீட்டு அப்பன்களைப் பார்த்து அழவும் சிரிக்கவும் அந்த மனிதர்கள் ஒரு வழி செய்துகொண்டார்கள். அந்தக் கிழவன் இன்னும் சாகவில்லை. பெட்ஷீட்டைப் போர்த்தினால் எங்கள் குடியிருப்பிலேயே எழுந்து நடக்கிறான். என் மாணவர்களுக்கு நான் கொடுத்திருக்க வேண்டிய பதில் இதுதான்.

நாடகத்தின் உச்சம் ஒரு கல்யாணச் சாப்பாடு. பக்கத்தில் யாருக்கோ கல்யாணம், ஓசியில் சாப்பிடலாம் என்று வேலைக்காரன் கிழவனை அழைத்துப் போகிறான். கிழவன் மூக்குப் பிடிக்கத் தின்று, பூச்சரத்தால் முகம் மறைத்த மணமக்கள் மேல் அட்சதையும் போடுகிறான். பிறகு பூச்சரம் விலகுகிறது. இருப்பது சொந்த மகன். கிழவன், "நீ எனக்கு மகனே இல்ல" என்று கத்த வேண்டும். அந்த வசனத்தை எழுதியது நான். ஒத்திகையில் தொண்டை கிழியக் கத்திக் கைதட்டல் வாங்கியதும் நான். சனிக்கிழமை மேடையில் பூச்சரம் விலகியபோது முன்வரிசையில் பார்வதி தலையைக் குனிந்துகொண்டாள். அப்போதுதான் அந்த வாக்கியத்தை நான் எங்கே முதலில் சொன்னேன் என்பது தெரிந்தது. வாய் திறந்தபடி நின்றேன்.

மாதேஷ் கெட்டிக்கார வேலைக்காரன். "பெரியவரு வாயில இன்னும் சோறு கீது. முழுங்கிட்டுத்தான் திட்டுவாரு" என்றார். கூட்டம் சிரித்தது. எனக்கு மூச்சு வந்தது. எழுதியதை விட்டுவிட்டு, "சாப்பாடு நல்லா இருந்துது. நாளைக்கும் போடுவீங்களா?" என்று கேட்டேன். பார்வதி நிமிர்ந்தாள்.

"நாளைக்குத்தான் போடுதாங்க. நாலு மணிக்குக் கெளம்பணும், வேசத்தக் கலச்சிட்டு வந்து படுங்க" என்றாள் உட்கார்ந்த இடத்திலிருந்தே.

அதுவும் நாடகத்தில் இருப்பது என்று நினைத்துக் குடியிருப்பே கைதட்டியது. இன்றுவரை அப்படித்தான் நினைக்கிறார்கள்.

பாகலூரில் நாங்கள் இறங்கியபோது பனி விலகவில்லை. மாவிலை கட்டிய வாசலில் முனிராஜு நின்றிருந்தான். "வாங்க சார்" என்றவன், நாக்கைக் கடித்துக்கொண்டு, "வாங்க மாமா" என்றான். பின்னாலேயே உமா வந்தாள். கொஞ்சம் கனத்திருந்தாள். நான் வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தது ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. "உன் கல்யாணத்துக்கு வராதது தப்புமா. சொன்னதும் தப்பு" என்றேன். "தப்புதான்ப்பா. ரொம்ப அழுதிருக்கேன்" என்றாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அங்கயே நின்னுக்கினு இருந்தா எப்டி? பால் பொங்கப் போவுது. செருப்ப அந்தாண்ட வுட்டுட்டு உள்ள வாங்க" என்றாள். முழுக்க இந்த ஊர்ப் பேச்சு. என் மகளிடம் எங்கள் ஊர் ஒரு சொல்லாகக்கூட மிஞ்சவில்லை. பார்வதி என் முதுகில் கை வைத்துத் தள்ளினாள்.

பந்தியில் எனக்கும் சம்பந்தியம்மாவுக்கும் நடுவே பேத்தியை உட்கார வைத்தார்கள். அந்த அம்மாவுக்குத் தமிழ் அரைகுறையாகக் காதில் விழும், வாயில் வராது. எனக்குத் தெலுங்கு இரண்டும் இல்லை. பேத்தி அவர் சொல்வதை எனக்கும் நான் சொல்வதை அவருக்கும் கொண்டுபோய்க் கொடுத்தாள். நாடகத்தை முதலிலிருந்து சொன்னேன். நான் எதிர்பாராத இடங்களில் எல்லாம் அவர் குலுங்கிச் சிரித்தார். பாதியிலேயே, விடியுமுன் எழுந்த களைப்பில், பேத்தி என் மடியில் சாய்ந்து தூங்கிவிட்டாள். மொழிபெயர்க்க ஆளில்லை. இருந்தும் நாங்கள் இருவரும் பேச்சை நிறுத்தவில்லை. எங்கள் பக்கம் போளி என்பதை இங்கே ஒப்பட்டு என்கிறார்கள். அதை நெய்யோடு என் இலையில் வைத்துவிட்டு அவர் ஏதோ கேட்டார். "ஊரு" என்ற ஒரு சொல் மட்டும் பிடிபட்டது. குழந்தை விழித்துவிடாமல் கையை மெல்ல உயர்த்தித் தெற்கே வெகு தூரம் என்று காட்டினேன். அவர் தலையாட்டினார். அது முழுப் பதில் இல்லை என்று தோன்றியதால், உட்கார்ந்திருந்த புதுத் தரையையும் தொட்டுக் காட்டினேன். அதற்கும் தலையாட்டி, "தினண்டி அண்ணா" என்று இன்னொரு ஒப்பட்டை வைத்தார்.