ஒரு நாள் சித்தப்பா

வல்லக்கோட்டைச் சாலையில் பையோடு நடந்துகொண்டிருந்தேன். கம்பெனி ஒன்றில் அட்டைப்பெட்டி ஒட்டும் வேலையை முந்தின நாள்தான் விட்டிருந்தேன். வாலாஜாபாத் பக்கம் ஆள் எடுப்பதாகக் கேள்வி. ஒன்பதாம் வகுப்போடு நின்றவனுக்கு ஒரு வேலையை விட்டு இன்னொன்றுக்கு நடப்பது பெரிய காரியமில்லை.

பின்னால் ஓடிவந்தவள் நான் இருந்த லைன் வீட்டில் அடுத்த அறைப் பெண். பதினொன்றாம் வகுப்பு. அவர்களும் என்னைப் போலத் தெற்கேயிருந்து வந்தவர்கள். எப்போதும் அண்ணாச்சி என்று கூப்பிடுகிறவள், அன்று, "சித்தப்பா, ஒரு மணி நேரம் பள்ளிக்கூடம் வரைக்கும் வாங்களேன்" என்றாள்.

நடந்துகொண்டே விஷயத்தைச் சொன்னாள். அவளுடைய சாதிச் சான்றிதழில் இந்து, ஆதிதிராவிடர் என்றிருக்கிறது. ஞாயிறு சர்ச்சில் பாடுகிறாள் என்று யாரோ தலைமையாசிரியையிடம் சொல்லிவிட்டார்கள். கிறிஸ்தவர் என்று பள்ளிப் பதிவில் ஏறிவிட்டால் அந்தச் சான்றிதழ் நிற்காது, நர்சிங் சேரும்போது அவளுக்குள்ள ஒதுக்கீடும் போய்விடும். வீட்டு ஆள் வந்து பேச வேண்டும். அப்பா கன்டெய்னர் லாரியில் குஜராத் போயிருக்கிறார். அம்மா கம்பெனி கேன்டீனில் காய் நறுக்குகிறாள், லீவு கிடையாது.

"நிஜத்துல நீ என்ன?"

"அப்பா சாமி கும்பிடுவாரு. அம்மா சர்ச்சு. நான் பாட்டுக்குப் போறேன்."

"லைன் வீட்ல இத்தனை பேர் இருக்காங்க. என்னை ஏன் பிடிச்ச?"

"நீங்க எங்கள மாதிரி பேசுவிய. நெத்தியில பட்டை இருக்கு. அப்பாவோட தம்பின்னா நம்புவாங்க."

பதினாறு வயதில் இவ்வளவு யோசித்திருக்கிறாள். வகுப்பில் யார் பக்கத்தில் உட்காருவாய் என்று கேட்டேன். உதவித்தொகைப் பட்டியலில் பெயர் வாசித்த நாளிலிருந்து காலனிப் பெண்கள் இடம் போடுகிறார்களாம், ஆனால் அவள் வாயைத் திறந்தால் சிரிக்கிறார்களாம். சர்ச்சுப் பெண்கள் பாட்டுக்கு மட்டும் கூப்பிடுவார்கள், சாப்பாட்டுக்கு இல்லை. அவளைப் போலப் பேசும் தெற்கத்திப் பெண்கள் இரண்டு பேர், முதல் நாளே அப்பா பெயரையும் தெருவையும் விசாரித்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்துகொண்டார்கள்.

"அப்போ எங்கதான் உக்காருவ?"

"அன்னைக்கு யாரு லீவோ அவங்க எடத்துல."

பள்ளி வாசலில் ஒருத்தி, "இன்னாடி, சர்ச்சுக்காரி, உங்க வூட்டாளா இவரு? பட்டைய பாரேன்" என்றாள். இவள் திரும்பவேயில்லை.

தலைமையாசிரியை மரியாதையாகத்தான் பேசினார். அறையின் மூலையில் கணக்கு வாத்தியார் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். நான் அப்பாவின் தம்பி, நாங்கள் சாமி கும்பிடுகிற குடும்பம் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"குலதெய்வம் எதுங்க?" என்று தலைமையாசிரியை கேட்டதும் எங்கள் ஊர் சாஸ்தா கோயிலின் பெயரைச் சொல்லிவிட்டேன். சின்ன வயதில் பங்குனி உத்திரத்துக்கு வருடம் தவறாமல் போன கோயில். வேறொன்றைச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

கணக்கு வாத்தியார் பேனாவை வைத்தார். "அந்தக் கோயில் எங்கூர்ப் பக்கம்தான். இவங்க ஆளுங்களை அங்க வாசப்படி ஏற விட மாட்டாங்களே. நீங்க எப்படி இவளுக்குச் சித்தப்பா?"

அந்தக் கோயிலில் யார் யார் இருந்தார்கள் என்பது நினைவிருந்தது. யார் இல்லை என்று நான் எண்ணிப் பார்த்ததே இல்லை.

"பதிவு நாளையோட முடியுது. அம்மாவே வந்து எழுதிக் கொடுக்கட்டும். வரலைன்னா நான் விசாரிச்சதைத்தான் எழுதணும்" என்றார் தலைமையாசிரியை.

வெளியே வந்ததும் அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். கோபம் இல்லை. புதிதாக ஒன்றைக் கண்டதுபோல. "நீங்க அவங்களா?" என்றாள். ஆமாம் என்றேன். "ஒரே குழாயடியில ஆறு மாசம் இருந்தோம். கேக்கவே இல்ல பாத்தியளா."

வாலாஜாபாத் போகாமல் லைன் வீட்டுக்கே திரும்பினேன். சாயங்காலம் அவள் அம்மா ஷிப்ட் முடிந்து வந்தாள். நடந்ததைச் சொன்னேன். "பதிலுக்கு ஆள் விட்டாத்தான் காண்ட்ராக்டர் லீவு தருவான். நாளைக்குக் காலையில எவ வருவா?" என்று படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான் போறேன்."

"வெங்காயம் அரிஞ்சிருக்கியளா?"

"இல்ல."

"அப்போ அழத் தயாராப் போங்க."

மறுநாள் காலை கேன்டீன் சூப்பர்வைசர் தலைக்கு வலையும் கையில் கத்தியும் கொடுத்தான். "அக்காவுக்குப் பதிலா நீயாபா? மெல்லிசா அரியணும்" என்று சொல்லி, ஆறு பெண்களுக்கு நடுவில் ஒரு முக்காலியைப் போட்டான். உள்ளே போன் கூடாது. பக்கத்தில் இருந்தவளிடம் மணி கேட்டேன். பத்தே கால் என்றாள். இந்நேரம் அந்தப் பெண்ணின் அம்மா தலைமையாசிரியை அறையில் உட்கார்ந்திருப்பாள். இரண்டாவது மூட்டையை நான்தான் பிரித்தேன்.