இடுப்போடு முடிந்த படம்

என்னைக் கோல் கம்பங்களுக்கு நடுவே நிறுத்தியவர் ஒரு பிரெஞ்சுக்காரர். நூறு வருடத்துக்கு முந்திய ஆள். அவர் மேல் எனக்கு இன்னும் கொஞ்சம் கோபம் இருக்கிறது.

எங்கள் ஊரான தண்ணீரூற்றில், பாடசாலையில் பெண்களுக்கு உதைபந்தாட்ட அணி தொடங்கியபோது, முன்வரிசையில் ஆடத்தான் எனக்கு ஆசை. ஓட்டத்தில் என்னைப் பிடிக்க ஆளில்லை. கட்டைக் காற்சட்டையோடு ஊர் பார்க்க ஓடுவதா என்று அப்பா ஒரே பேச்சில் முடித்துவிட்டார். அவரும் இளவயதில் ஊர்க் கழகத்துக்கு ஆடியவர்தான். இடப்பெயர்வோடு விட்டவர், பிறகு பந்தைத் தொடவே இல்லை. அவரிடம் நியாயம் பேசி வெல்ல முடியாது.

அந்த நேரம் பார்த்துப் பிரான்ஸிலிருந்து அண்ணா விடுமுறையில் வந்தார். பழைய சாமான் சந்தையில் வாங்கியதென்று ஒரு தபாலட்டையைத் தந்தார். அந்த நாட்டு அணியின் கோல் காப்பாளர் ஒருவருடைய படம். தலையில் தொப்பி, கழுத்துவரை மூடிய தடித்த கம்பளிச் சட்டை, முறுக்கிய மீசை. நாட்டுக்காகச் சில ஆட்டங்கள் ஆடினாராம். கோல்களை அள்ளி அள்ளி வாங்கினாராம், ஆனாலும் அடுத்த ஆட்டத்துக்கும் அவரையே கூப்பிட்டார்களாம். பிறகு முதலாம் உலகப் போர் வந்து விளையாட்டை விட்டாராம். விற்ற கிழவர் அண்ணாவுக்குச் சொன்னது இவ்வளவுதான்.

அப்பா அட்டையை வாங்கிப் பார்த்தார்.

“வெள்ளைக்காரனே கழுத்துமட்டும் மூடிக்கொண்டு நிக்கிறான். இப்பிடிப் போட்டுக்கொண்டு கோலுக்கை நிக்கிறதெண்டா நில்.”

படம் இடுப்போடு முடிந்திருந்தது. கீழே என்ன என்று அப்பா கேட்கவில்லை. அண்ணாவும் வாயைத் திறக்கவில்லை.

நீளக் காற்சட்டை, முழுக்கைச் சட்டை. அப்படித்தான் நான் கோல் காப்பாளரானேன். முதல் வருடம் முழுக்க வேண்டா வெறுப்பாக நின்றேன், வெயிலில் அவிந்தேன். முன்னால் ஆடுகிறவள் பத்துத் தரம் கோட்டை விட்டாலும் கை தட்டுவார்கள். என்னைத் தாண்டி ஒரு பந்து போனால் போதும், ஊரே என்னைத்தான் பார்க்கும். அலுமாரிக் கதவில் ஒட்டியிருந்த பிரெஞ்சுக்காரரிடம் இதையெல்லாம் சொல்லித் திட்டுவேன். எப்போது பிடித்துப்போனது என்று தெரியவில்லை. மாவட்ட அணிக்கு எடுபட்டபோது, யாராவது முன்வரிசைக்குக் கூப்பிட்டிருந்தாலும் போயிருக்க மாட்டேன். இப்போது பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறேன், ஞாயிறுகளில் கழகத்துக்கு ஆடுகிறேன்.

போன மாதம் வவுனியாவிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளையை எனக்குப் பிடித்திருந்தது, அதை மறைக்க ஒன்றுமில்லை. தரகர் வந்து கதிரையில் இருந்து தேத்தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னார்:

“எல்லாம் பொருத்தம். பிள்ளை இந்தப் பந்தடியை மட்டும் விட்டாச் சரி எண்டு சொல்லீனம்.”

ஓமென்று சொல்லிவிட்டேன். அவர் போன பிறகு அறைக்குள் போய் அட்டையை உரித்தெடுத்தேன், கையுறைகளோடு ஒரு பையில் போட்டுக் கட்டினேன்.

அப்பா பின்னால் வந்தார். பையை அவிழ்த்து அட்டையை எடுத்தார்.

“இவன் ஏன் விளையாட்டை விட்டவன்?”

“சண்டை வந்ததாலை, அப்பா. அண்ணா சொன்னவர்தானே.”

“நானும் அதாலைதான் விட்டனான்.” அட்டையை என் கையில் தந்தார். “இப்ப இஞ்ச சண்டையோ?”

“இல்லை.”

“அப்ப நீ ஏன் விடுறாய்?”

நான் விம்மி விம்மி அழுதேன். அப்பா முற்றத்தில் நின்று தரகருக்குப் போன் எடுத்தார். “பிள்ளை விளையாடும். அதுக்குச் சம்மதமெண்டா வரச் சொல்லுங்கோ.”

பதில் இன்னும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை முல்லைத்தீவில் ஆட்டம். அப்பாவும் வருகிறாராம்.