ஒன்பது நாள் பெங்காலி

கொத்தன் வேலையில் பாதி நிற்பதுதான்: காலையில் கூலிக்கு ஆள் கூப்பிட வருபவர்களுக்காக ஜங்ஷனில், அதன்பிறகு சாரத்தில். இரண்டில் எது கஷ்டம் என்று கேட்டால், முப்பது வருஷமாகச் சாரத்தில் ஏறும் நான் ஜங்ஷன் என்றுதான் சொல்வேன். சாரத்திலிருந்து விழுந்தால் நாலு பேர் ஓடி வருவார்கள். ஜங்ஷனில் பத்து மணிவரை நின்றுவிட்டு வீட்டுக்குத் திரும்பி நடப்பவனை யாரும் கண்டுகொள்வதில்லை. காலையில் கட்டிக்கொண்டு போன சோற்றைப் பிரிக்காமலே வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோன அனுபவம் உள்ளவர்களே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம், தப்பில்லை.

கொள்கை

கேரள எல்லையில், பாறசாலையில் நாங்கள் நிற்கும் ஜங்ஷனில் ரோட்டுக்கு இந்தப் பக்கம், பேக்கரி முன்னால், உள்ளூர்க்காரர்கள். அந்தப் பக்கம், ஏ.டி.எம். முன்னால், வடக்கே இருந்து வந்தவர்கள். அசாம், ஒடிசா, பீகார் எதுவானாலும் எங்களுக்கு எல்லோரும் பெங்காலிதான். சர்க்கார் அவர்களுக்கு மரியாதையாக 'அதிதித் தொழிலாளி' என்று பேர் வைத்திருக்கிறது. அதிதி என்றால் விருந்தாளி. தினமும் விருந்தாளி வேலைக்குப் போகிறார், வீட்டுக்காரன் பேக்கரி முன்னால் நிற்கிறான்.

எங்கள் பக்கத்தில் தொண்டை பெரியவர் தங்கப்பன் மேஸ்திரி. சாயா கிளாஸைக் கையில் பிடித்தபடி, பெங்காலிக்கு வேலை கொடுக்கிறவன் ஊர்த்துரோகி என்று தினமும் பிரசங்கம் செய்வார். ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனை முடிந்து அவர் வீட்டு வழியாக வந்தேன். துபாயில் இருக்கும் அவர் மகனுக்கு மாடி எழும்பிக்கொண்டிருந்தது. சாரத்தின் மேல் நாலு பெங்காலிகள். கீழே குடை பிடித்துக்கொண்டு, பூச்சு சரியாக விழுகிறதா என்று பார்த்து நின்றவர் தங்கப்பன் அண்ணன். நான் நின்று ஒரு பார்வை பார்த்தேன். அதற்கே அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"என்னத்துக்குலே கிறிஸ்துதாசு, அப்பிடி பாக்குத? இது வீடு. ஜங்ஷன்ல நான் சொல்லியது கொள்கையாக்கும்."

ஸ்டெல்லா வைத்த கெடு

நியாயமாகப் பார்த்தால் தப்பு எங்கள் பேரிலும் உண்டு. எட்டரைக்கு வேலை தொடங்கி, பத்துக்குச் சாயா, ஒரு மணிக்குச் சோறு, நாலரைக்குக் கை கால் கழுவல் என்று ராஜா மாதிரி வேலை பார்த்தவர்கள் நாங்கள். குழைத்த சிமெண்டை அப்படியே போட்டுவிட்டுக் கல்யாண வீட்டுக்குப் போனவன் நான். இரண்டாவது தடவை அந்த வீட்டுக்காரர் என்னைக் கூப்பிடவில்லை. ஏன் கூப்பிடவில்லை என்று ஒரு மாதம் ஆச்சரியப்பட்டேன்.

மாதம் முழுக்க இருந்த வேலை வாரத்தில் இரண்டு நாளாகச் சுருங்கியது. என் மனைவி ஸ்டெல்லாவின் தம்பி திருவனந்தபுரத்தில் ஒரு ஃபிளாட்டில் எனக்குச் செக்யூரிட்டி வேலை பார்த்து வைத்திருந்தான். காருக்குக் கேட்டைத் திறக்க வேண்டும், சல்யூட் அடிக்க வேண்டும், கேட்டை மூட வேண்டும். அந்தக் கேட் நிற்கும் தூணைக் கட்டத் தெரிந்தவன் நான். முடியாது என்றேன். ஸ்டெல்லா சண்டை போடவில்லை, தேதி மட்டும் குறித்தாள்.

"ஓணம் வரைக்கும் பாப்பேன். அதுக்குப் பொறவும் அங்கதான் நிப்பீங்கன்னா, பேக்கரிக்காரன்கிட்ட சொல்லி உங்களுக்கு அங்கயே ஒரு சிலை வச்சிருவேன்."

தோ பெங்காலி

அந்தப் பக்கத்தில் எனக்குப் பழக்கமான ஒரே ஆள் ரபீகுல். முர்ஷிதாபாத்துக்காரன், நல்ல கொத்தன், இங்கே வந்து ஆறு வருஷம் ஆகிறது. சுவர் நேராக நிற்கிறதா என்று பார்க்கும் என் தூக்குக்குண்டை இரவல் வாங்கியிருந்தான். அதைத் திரும்ப வாங்க ஒருநாள் காலை ரோட்டைத் தாண்டினேன். ஸ்டெல்லா துணி துவைக்காத நாள் அது. அதனால் மகனுடைய ஃபுட்பால் பனியனும் தொப்பியும் போட்டிருந்தேன், அந்தப் பக்கத்துப் பையன்களின் யூனிஃபார்ம் அதுதான். அப்போது ஒரு கார் வந்து நின்றது. உள்ளே இருந்தவர் ரிட்டயர் ஆன டீச்சர், நெய்யாற்றின்கரைப் பக்கம் புதிதாகக் குடிவந்தவர். கண்ணாடியை இறக்கி, என்னையும் ரபீகுலையும் விரலால் காட்டி, "தோ பெங்காலி, ஜல்தி" என்றார். இரண்டு பெங்காலி வேண்டும், சீக்கிரம் என்று அர்த்தமாம்.

ரபீகுலின் கூட்டாளிக்கு அன்று காய்ச்சல். இரண்டாவது ஆள் இல்லாவிட்டால் அவனுக்கும் வேலை இல்லை. என் முதுகில் கைவைத்துக் காருக்குள் தள்ளினான். "புதிய ஆள் டீச்சர், பாஷை ஒண்ணும் அறியாது" என்றும் சொல்லிவிட்டான். நான் பொய் சொல்லவில்லை, வாயையே திறக்கவில்லை. டீச்சர் என்னைத் திருப்தியாகப் பார்த்துவிட்டு, தங்கச்சிக்கு ஃபோன் போட்டு மலையாளத்தில் விவரம் சொன்னார்.

"ரெண்டு பேர் கிடைச்சாச்சு. நம்ம ஊர்க்காரனுகளை நம்பினா என் மாடி அடுத்த ஜென்மத்திலதான் முடியும்."

ரொட்டி

டீச்சர் எங்களிடம் ஹிந்திதான் பேசுவார். அவருக்கு ஹிந்தி தெரியாது. ரபீகுலுக்கும் அரைகுறைதான், அவன் பேசுவது வங்காளம். எனக்கு 'அச்சா' மட்டும் தெரியும். மூன்று பேருக்கும் வராத பாஷையில் ஒரு மாடி எழும்பியது. ரபீகுல் மலையாளத்தில் பதில் சொன்னாலும் டீச்சர் விடமாட்டார், "பானி கம், சிமெண்ட் ஜாஸ்தி" என்று தண்ணீர்க் கணக்கைக்கூட ஹிந்தியிலேயே திருத்துவார்.

மத்தியானம் வந்தால் அடுக்களையிலிருந்து மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் மணக்கும். எங்களுக்கு வருவது ரொட்டி. வடக்கன்கள் ரொட்டிதான் தின்பார்கள் என்று டீச்சர் எங்கேயோ கேட்டிருக்கிறார், பாவம், எங்களுக்காக என்று தனியாக மெனக்கெட்டுச் சுடுகிறார். சோறும் மீனும் இல்லாமல் எனக்கு உயிர் போய்விடும். ரபீகுல் எனக்கு மேலே, பிறந்தது முதல் சோறும் மீனும் தின்று வளர்ந்தவன். நாலாம் நாள் அவன் ரொட்டியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துக்கொண்டே ரகசியமாகக் கேட்டான்.

"சேட்டா, இது எந்த நாட்டுக்காரன் தின்னுவான்?"

பிலோமினா

ஐந்தாம் நாள் என் கதை முடிந்தது என்று நினைத்தேன். பொழியூரிலிருந்து மீன் கொண்டுவரும் பிலோமினா அக்கா கேட்டைத் தள்ளிக்கொண்டு வந்தார். என் கல்யாணத்துக்கு மீன் கொடுத்தவர். தலையில் இருந்த மீன்கூடையை, அந்தக் குட்டாவை, இறக்கி வைத்துவிட்டு நிமிர்ந்தார், சாரத்தில் என்னைப் பார்த்துவிட்டார். நான் உதட்டில் விரல் வைத்தேன். பனியனையும் தொப்பியையும் ரபீகுலையும் ஒரு சுற்றுப் பார்த்தார், எல்லாம் புரிந்துவிட்டது. அதற்காகச் சும்மா போகிற ஆளா அவர்?

"டீச்சரே, மேல நிக்கிய பெங்காலி நல்ல ஆளாக்கும். எங்க ஊர்ப்பக்கம் கிறிஸ்துதாசுன்னு ஒரு மடியன் உண்டு, சரியான சோம்பேறி, அச்சு அசல் அவன் மூஞ்சி."

அரிசிப் பாத்திரம்

ஆறாம் நாள் அடுக்களை ஜன்னலுக்கு வெளியே பூசிக்கொண்டிருந்தேன். ரபீகுல் கீழே மணல் சலித்துக்கொண்டிருந்தான். டீச்சர் ஃபோனில் தங்கச்சியிடம், "பெங்காலிகள் நிக்கியதனால வளையலைக் கழற்றி அரிசிப் பாத்திரத்துக்குள்ள வச்சிருக்கேன்" என்றார். ஜன்னலில் என்னைப் பார்த்தார். பாஷை தெரியாதவன்தானே என்று அடுத்த பேச்சுக்குப் போய்விட்டார்.

ஒன்பதாம் நாள் மத்தியானம் வீட்டுக்குள் ஒரே களேபரம். வளையலைக் காணோம். ஒளித்து வைத்ததை டீச்சர் சுத்தமாக மறந்துவிட்டார். தண்ணீர் கேட்டு வீட்டுக்குள் போனவன் ரபீகுல் ஒருவன்தான். அக்கம்பக்கத்தார் கூடினார்கள், ஒருவர் போலீஸுக்கு ஃபோன் எடுத்தார். ரபீகுல் ஹிந்தி, வங்காளம், மலையாளம் மூன்றையும் கலந்து, "எடுக்கல்ல டீச்சர், எடுக்கல்ல" என்று அழுதான். வாயைத் திறந்தால் என் வேலை போகும், ஓணத்துக்கு இன்னும் பதினொரு நாள்தான். ஒரு நிமிஷம் நான் பேசாமல் நின்றேன். அந்த ஒரு நிமிஷத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

"டீச்சரே, அரிசிப் பாத்திரத்துல பாருங்க" என்றேன், சுத்த மலையாளத்தில்.

வளையல் அரிசிக்குள் இருந்தது. கூட்டம் கலைந்தது. டீச்சர் ரபீகுலிடம் மன்னிப்புக் கேட்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் என் பக்கம் திரும்பினார். ஒன்பது நாளாகத் தங்கச்சியிடம் என்னென்ன பேசினோம் என்று மனசுக்குள் ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும், முகம் சிவந்துகொண்டே வந்தது. அதுவரை 'ஜல்தி' என்று விரட்டியவர் முதல் தடவையாக எனக்கு மரியாதை கொடுத்துப் பேசினார்.

"நீங்க நாளைக்கு வரவேண்டாம். பெங்காலி வந்தாப் போதும், அவன் நேர்மையான பையன்."

வெள்ளறடை

ரபீகுல் மறுநாள் அங்கே போகவில்லை. அவனுக்கும் ரோஷம் உண்டு. மூன்று நாள் கழித்து என் வீட்டுக்கே வந்தான். வெள்ளறடையில் ஒரு வீட்டை அவனே காண்டிராக்ட் எடுத்திருக்கிறான், பூச்சுக்கு நம்பிக்கையான கொத்தன் வேண்டும். கிறிஸ்துமஸ் வரைக்கும் வேலை இருக்கிறதாம். ஸ்டெல்லா அவனுக்குச் சோறும் சாளைமீன் குழம்பும் போட்டாள். அவன் மூன்று தடவை வாங்கித் தின்றான். அவன் தின்று எழுவதற்குள்ளேயே அவள் தம்பிக்கு ஃபோன் செய்து, ஃபிளாட்டுக்கு வேறு ஆள் பார்க்கச் சொல்லிவிட்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, மிளகு காரம் என்று சொல்லிச் சமாளித்தேன். என் புது முதலாளி கை கழுவிவிட்டுப் படியிறங்கினான். செருப்பை மாட்டும்போதுதான் முக்கியமான நிபந்தனை நினைவுக்கு வந்தது போல.

"சேட்டா, ஏழரைக்கு வரணும். பின்னே, லோக்கல் ஆள்னு சொல்லண்டாம், வீட்டுப் பார்ட்டி சம்மதிக்காது."

ஆக, பிறந்த மண்ணில் எனக்கு வேலைக்குப் பஞ்சமே இல்லை, எந்த ஊர் என்று யாரும் கேட்காதவரை.