ரப்பர் டீச்சர் திருத்திய கத்தரி

அந்தப் பள்ளிக்கூடத்தின் ஓவிய ஆசிரியைக்கு ஒரு பெயர் இருந்தது. வருகைப் பதிவேட்டைத் தவிர வேறெங்கும் அது புழங்கவில்லை. எல்லோருக்கும் அவர் ரப்பர் டீச்சர். காரணம் அவருடைய வலது மணிக்கட்டில் தொங்கியது. ரப்பர் தொலைந்து தொலைந்து அலுத்துப்போய், பதினேழு வருடத்துக்கு முன்பு ஒருநாள் அதில் ஓட்டை போட்டு, நூல் கோத்துக் கையிலேயே கட்டிக்கொண்டார். ரப்பர் தேயத் தேயப் புதுசு வரும். கட்டு மட்டும் மாறாது.

கோணல் கோட்டைப் பார்த்தால் அவருக்குக் கை துறுதுறுக்கும். பிள்ளை வரைந்த வீடு சாய்ந்திருந்தால் நிமிர்த்துவார். மாட்டின் கால் குட்டையாக இருந்தால் நீட்டுவார். பேருந்து ஓட்டுநரான கணவர், "நல்லவேளை, என்னைக் கட்டிக்கும்போது அவ கையில ரப்பர் இல்ல. இருந்திருந்தா என் மூக்கு இந்நேரம் நேராகியிருக்கும்" என்று ஊர் பூராவும் சொல்லிச் சிரிப்பார். டீச்சரும் கூடச் சிரிப்பார். ஆனால் அந்த மூக்கு கொஞ்சம் சாய்ந்ததுதான் என்பதை விட்டுக்கொடுக்க மாட்டார்.

ஓவியத்துக்கு வாரத்தில் ஒரே ஒரு பீரியட், வெள்ளி கடைசி. அதன்மேல் கணக்கு வாத்தியாருக்கு ரொம்ப நாளாகக் கண். தலைமை ஆசிரியையும், "சனிக்கிழமை பெற்றோர் வர்றாங்க. உங்க வகுப்பால பிள்ளைங்களுக்கு என்ன பிரயோஜனம்னு ஒரு சுவர்ல காட்டுங்க. அதைப் பாத்துட்டு முடிவு பண்றேன்" என்று சொல்லிவிட்டார். அந்த ஒரு பீரியடுக்காகத்தான் டீச்சர் மீதி வாரம் முழுக்க நூலகத்தில் முணுமுணுக்காமல் புத்தகம் அடுக்கிக்கொண்டிருந்தார்.

யோசித்து ஒரு வேலை கொடுத்தார். ஆறாம் வகுப்பின் முப்பத்தெட்டுப் பேரும் வீட்டில் தலைமுறையாகப் புழங்கும் ஒரு பொருளை வரைய வேண்டும். அதைப் பற்றி வீட்டில் என்ன பேசிக்கொள்கிறார்களோ, அதைக் கீழே நாலு வரி எழுத வேண்டும். எழுத்தைப் பார்க்கும் பொறுப்பைத் தமிழ் ஐயா ஏற்றார். சிவப்புப் பேனா இல்லாமல் அவர் நாளிதழ்கூடப் படிப்பதில்லை.

படங்கள் வந்தன. சுத்தியல், பூட்டு, கரண்டி, கடிகாரம். ஒன்றுகூட உருப்படியாக நிற்கவில்லை. டீச்சர் இரண்டு நாள் மதியச் சாப்பாட்டை மறந்து அத்தனையையும் நிமிர்த்தினார். ஐயா தன் பங்குக்கு வீட்டுப் பேச்சையெல்லாம் அடித்துவிட்டு, இலக்கணம் பிசகாமல் எழுதிக் கொடுத்து, பிள்ளைகளைப் பார்த்து எழுத வைத்தார். அவர் படத்தைப் பார்க்கவில்லை. இவர் எழுத்தைப் படிக்கவில்லை. வெள்ளி சாயங்காலம் சுவர் பளிச்சென்று இருந்தது.

சனிக்கிழமை பெற்றோர் பிள்ளைகளோடு வந்தார்கள், பார்த்தார்கள், "நல்லாயிருக்கு" என்றார்கள், கால் மணி நேரத்தில் வாசல் பக்கம் நகரத் தொடங்கிவிட்டார்கள். கணக்கு வாத்தியார் தூணில் சாய்ந்து நிம்மதியாகக் கண்ணாடி துடைத்தார்.

ஒரே ஒரு அம்மா மட்டும் சுவரை மூன்றாம் முறை சுற்றினார். தையல்காரர், கழுத்தில் அளவு நாடாவோடு கடையிலிருந்து நேரே வந்திருந்தார்.

"என்னம்மா தேடுறீங்க?" என்றார் டீச்சர்.

"எங்க வீட்டுக் கத்தரிய வரைஞ்சேன்னு பொண்ணு சொன்னா. காணோமே டீச்சர்."

பக்கத்தில் நின்ற மகள் தலையைக் குனிந்தபடி ஒரு படத்தைக் காட்டினாள். கத்தரி அளவு பிசகாமல் அழகாக இருந்தது. கீழே, 'கத்தரிக்கோல் துணிகளை வெட்டப் பயன்படும் ஒரு கருவி ஆகும்' என்று முத்து முத்தாக எழுதியிருந்தது.

"இது எங்களுது இல்லையே."

"நான் நம்மளதத்தான்மா வரைஞ்சேன். இடம் வலமாத் திருப்பி வரைஞ்சிட்டேன்னு டீச்சர் அழிச்சு மாத்திட்டாங்க."

அம்மா கோபப்படவில்லை. பையிலிருந்து கத்தரியை எடுத்து டீச்சரிடம் கொடுத்தார். "ஒரு தாளை வெட்டிப் பாருங்க."

டீச்சர் வெட்டினார். தாள் மடங்கியதே ஒழிய வெட்டுப்படவில்லை. மகள் அதை வாங்கி இடது கையில் பிடித்தாள். தாள் சரசரவென்று இரண்டானது.

"எங்கப்பாவுக்கு இடது கை. கடைக் கத்தரி எதுவும் ஒத்து வரலன்னு, கொல்லர்கிட்ட உக்காந்து மாத்தி அடிக்கச் சொல்லி வாங்கினது. எனக்கும் இடது கை, இவளுக்கும் அதேதான். 'நம்ம ஆளுங்களுக்கு மட்டும்தான் இது கட்டுப்படும், மத்தவங்க தொட்டா முரண்டு பிடிக்கும்'னு நான் சொன்னதத்தான் எழுதிட்டு வந்தா."

டீச்சருக்கு முகத்தில் அறைந்தாற்போல இருந்தது. மற்ற படங்களைப் பார்த்தார். முப்பத்தெட்டு வீட்டுப் பொருளும் ஒரே கடையில் வாங்கியவை போல நின்றன. வெட்கமாக இருந்தது. அதைவிட, அந்தப் பிள்ளை சரியாகப் பார்த்து வரைந்ததைப் போய் அழித்தோமே என்று நெஞ்சு வலித்தது.

"போறவங்க கொஞ்சம் நில்லுங்க" என்று கத்தினார். பதினேழு வருடத்தில் அவர் குரல் உயர்ந்தது அன்றுதான். "இதெல்லாம் நான் வரைஞ்சது. உங்க பிள்ளைங்க வரைஞ்சத நான் அழிச்சிட்டேன். மன்னிச்சுக்குங்க. இப்ப மறுபடி வரையப் போறாங்க. நீங்க பக்கத்துல உக்காந்து சொல்லுங்க."

தமிழ் ஐயா பதறிக்கொண்டு வந்தார். "டீச்சர், பேச்சு வழக்கையா சுவத்துல ஒட்டுறது?"

"ஆமாங்கய்யா. பேனாவ இப்படிக் குடுங்க."

அவர் கொடுக்கவில்லை, ஆனால் மூடி போட்டுச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.

அரை மணியில் கூடம் சந்தைக்கடை ஆனது. "அந்தப் பூட்டுக்குச் சாவி கிடையாதுடா. உன் சித்தப்பா கிணத்துல போட்டுட்டான்" என்றார் ஒரு அப்பா. "போட்டது நீங்க. பழி மட்டும் அவருக்கா?" என்றார் பக்கத்தில் இருந்த அம்மா. பையன் இரண்டையும் எழுதிக்கொண்டான். நின்றுபோன கடிகாரத்தின் முள் எந்த எண்ணில் நின்றது என்று ஒரு குடும்பமே சண்டை போட்டது. கணக்கு வாத்தியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டே போய்ப் படித்து, வயிறு குலுங்கச் சிரித்தார்.

பன்னிரண்டு மணிக்கு வந்த தலைமை ஆசிரியை ஒவ்வொரு படத்தின் முன்பும் நின்றார். கடைசிப் படத்துக்கு வரும்போது மணி ஒன்றரை ஆகிவிட்டது. "வெள்ளிக்கிழமை பீரியட் உங்களோடதுதான்" என்றார்.

டீச்சர் கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கினார். ரப்பர் ஆடியது. நேரே தையல்காரரின் மகளிடம் போய் வலது கையை நீட்டினார்.

"இத வெட்டி விடும்மா. எனக்கு அந்தக் கத்தரி கட்டுப்படாது."

பிள்ளை அம்மாவைப் பார்த்தாள். அம்மா தலையசைத்தார். இடது கையால் ஒரே வெட்டு. ரப்பர் தெறித்து மேசைக்கு அடியில் உருண்டது. கை துறுதுறுத்தது, டீச்சர் குனியவில்லை.