ஆறு நாள் மிளகு விரதம்

எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே தமிழ்நாட்டிலிருந்து வரும் தினசரி நாட்காட்டி ஒன்று தொங்குகிறது. அதில் தாள் கிழிக்கும் உரிமை என் மாமியாருக்கு மட்டும்தான். சஷ்டி, கார்த்திகை, ஏகாதசி, பிரதோஷம், அமாவாசை, பௌர்ணமி எல்லாம் அதிலிருந்துதான் எங்கள் தலையில் வந்து இறங்கும். திதி நேரம் இந்திய நேரமாகப் போட்டிருக்கும். அதோடு இரண்டரை மணி கூட்டினால்தான் நம்முடைய மலேசிய நேரம் வரும். அத்தை விரல்விட்டுக் கூட்டிப் பார்த்துவிட்டு, "சஷ்டி நாளைக்கு விடியத்தாம்மா புடிக்குது" என்று அறிவிப்பார். கல்யாணமாகி வந்த புதிதில் நான் வேறொரு கணக்குப் போட்டேன். இந்த மாதத்தில் வயிறாரச் சாப்பிடக்கூடிய நாள் எத்தனை என்ற கணக்கு. அது சீக்கிரம் முடிந்துவிடும்.

நான் சபாக்கில் பிறந்தவள். எங்கள் வீட்டில் சாமிக்கும் சோற்றுக்கும் பகை கிடையாது. வாழ்க்கைப்பட்டு வந்தது குவாலா சிலாங்கூர் பக்கம், செம்பனைத் தோட்டத்து லயங்களை உடைத்த பிறகு குடும்பங்களைக் குடியேற்றிய ஒரு தாமான் குடியிருப்புக்கு. வரிசை வீடுகள். இரண்டு வீட்டுக்கு ஒரே சுவர். இந்த வீட்டில் பிள்ளை தும்மினால் அடுத்த வீட்டிலிருந்து "நூறு" என்று குரல் வரும். அவ்வளவு அன்பு. அவ்வளவு காதும்.

இரண்டாம் வருடம் உண்டானேன். சொன்ன அன்று சாயங்காலமே தாமான் முழுக்கத் தெரிந்துவிட்டது. அத்தைக்குச் சந்தோஷம் வந்தால் உள்ளே வைத்துக்கொள்ளத் தெரியாது. காய்கறி லோரிக்காரனிடம்கூடச் சொன்னார். ஒரு மாதத்துக்குள் கலைந்தது. "கண்ணு பட்டுருச்சு" என்று என்னைக் கட்டிக்கொண்டு அவரும் அழுதார். எனக்கு அழுகையோடு கோபமும் வந்தது, அதை யார் மேல் காட்டுவது என்று தெரியவில்லை. இனி மூன்று மாதம் முடியாமல் வீட்டில் யாரும் வாய் திறக்கக் கூடாது என்று சட்டம் போட்டவரும் அத்தைதான். அந்தச் சட்டத்தை அவராலேயே காப்பாற்ற முடியாது என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

மறு வருடம் என்னைக் கேட்காமலே எனக்காக நேர்ந்துகொண்டார். கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் மிளகு விரதம். முதல் நாள் ஒரு மிளகு, மறுநாள் இரண்டு, இப்படி ஆறாம் நாள் ஆறு மிளகு. மற்றபடி தண்ணீர்தான். கோயிலில் கையில் காப்புக் கட்டிக்கொண்டால் சூரசம்ஹாரம் முடியும்வரை அவிழ்க்கக் கூடாது.

அந்தத் தீபாவளிக்கு முந்தின நாள்தான் எனக்கு மறுபடி உண்டாகியிருப்பது தெரிந்தது. மருந்துக் கடையில் வாங்கிய குச்சியில் இரண்டு கோடு. என் கணவரிடம் மட்டும் சொன்னேன். அவர் செம்பனைப் பழ லோரி ஓட்டுகிறவர்.

"அம்மாகிட்ட சொல்லிட்டா விரதத்த விட்டுறலாம்லா," என்றார்.

"சொன்னா ராத்திரிக்குள்ள ஈஜோக் வரைக்கும் போயிரும். போன தடவ மறந்துபோச்சா?"

அவர் தலையைச் சொறிந்துகொண்டு லோரியைக் கழுவப் போய்விட்டார். வீட்டில் இக்கட்டு வந்தால் லோரி பளபளக்கும்.

பிள்ளைத்தாய்ச்சிக்கு விரதம் கிடையாது, அத்தையே அப்படித்தான் சொல்வார். ஆனால் பிள்ளைத்தாய்ச்சி என்று சொன்னால்தானே அந்தச் சலுகை. சொன்னால் கண்ணு படும். சொல்லாவிட்டால் பட்டினி. இரண்டு பக்கமும் கதவைச் சாத்திவிட்டு நடுவில் என்னை நிற்கவைத்தது போல இருந்தது. கண்ணு படுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை என்று அதுவரை எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். வயிற்றில் ஒன்று வந்த பிறகு அந்தத் தைரியம் எங்கே போனது என்று தெரியவில்லை. பயந்தேன். நன்றாகப் பயந்தேன்.

முறுக்கு டின் பாதிகூடக் காலியாகாத வீட்டில், விருந்தாளிகள் இன்னும் வந்துகொண்டிருக்கும்போதே, கையில் காப்பு ஏறியது. விடியற்காலையில் குளித்துவிட்டு வந்து கை நீட்டினால் அத்தை மிளகை எண்ணி வைப்பார். அதை மென்று, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வேலைக்குப் போவேன். நான் வேலை பார்ப்பது சுங்கை புரோங்கில் ஓர் அரிசி ஆலை அலுவலகத்தில். மூட்டை மூட்டையாக அரிசி, அதன் நடுவில் பட்டினி.

என் பக்கத்து மேசையில் ஒரு மலாய்க்கார அக்கா. காப்பையும் என் முகத்தையும் பார்த்தார். அன்று காலை நான் இரண்டு தடவை ஓங்கரித்துவிட்டு வந்ததையும் பார்த்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை, அவரே கண்டுபிடித்துவிட்டார். அவர்களுடைய புவாசா நோன்பு மாதத்திலும் கர்ப்பிணிக்கு விலக்கு உண்டாம், விட்ட நாளைப் பிறகு பிடித்துக்கொள்ளலாமாம். எங்கள் சாமியும் விட்டுவிடும் என்றேன். அப்புறம் யார் விடமாட்டார்கள் என்று கேட்டார். பின்பக்கத்து ஸ்டோருக்குக் கூட்டிப்போய்த் தன் நாசி லெமாக் பொட்டலத்தை, தேங்காய்ப்பால் சோற்றை, பிரித்து வைத்தார்.

முதல் நாள் முட்டையையும் நெத்திலியையும் ஓரமாக ஒதுக்கினேன். மூன்றாம் நாள் ஒதுக்கவில்லை. கிளினிக்கில் முட்டை சாப்பிடச் சொல்லியிருந்தார்கள். இந்த விஷயத்தில் முருகன் டாக்டரோடு சண்டைக்குப் போகமாட்டார் என்று நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். சாயங்காலம் வாயைக் கொப்பளித்து, பசிக்கிற முகத்தை வரவழைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவேன். சாப்பிட்டதற்காக நான் அன்றும் வெட்கப்படவில்லை, இன்றும் இல்லை. அந்த முகத்தை வைத்துக்கொள்ள வேண்டியிருந்ததற்குத்தான் எரிச்சல்.

மூன்று மாதம் முடிந்து சொன்னோம். அவ்வளவுதான். "ஆறு நாளும் மிளகும் தண்ணியுந்தான், ஒரு பருக்க தொடலயே எம் மருமவ" என்று அத்தை ஆரம்பித்தது இன்றுவரை ஓயவில்லை. மகள் பிறந்ததும் அவள் முருகன் கொடுத்த பிள்ளை ஆகிவிட்டாள். கோயிலில் பெண்கள் அவள் கன்னத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். சபாக்கிலிருந்து ஒருத்தர் காரில் வந்து எனக்குச் சேலை வைத்துக் கொடுத்தார், தன் மகளுக்கு நான் புத்தி சொல்ல வேண்டுமாம். தலை சுற்றினால் என்ன செய்தீர்கள், நான்காம் நாள்தான் கஷ்டமா, ஐந்தாம் நாளா என்றெல்லாம் கேட்பார்கள். நான் தெரியாத ஊருக்கு வழி சொல்வதுபோல ஏதோ சொல்லி அனுப்புவேன். உண்மையைச் சொன்னால் என் மானம் போவது இருக்கட்டும், அத்தை தாமானில் தலைகாட்ட முடியாது. மகளையும் நாளைக்கு ஒரு மாதிரி பார்ப்பார்கள். அதனால் வருடா வருடம் நன்றிக் கடனாகக் காப்புக் கட்டிக்கொண்டேன். வருடா வருடம் ஸ்டோரில் சாப்பிட்டேன்.

இந்த வருடம் வந்ததுதான் வினை. என் நாத்தனார், என் கணவரின் தங்கை, ரவாங்கில் ஒரு வங்கியில் வேலை. கல்யாணமாகிச் சில வருடம் ஆகிறது, பிள்ளை இல்லை. "அண்ணி இருந்தா மாரி நீயும் இருந்து பாரு" என்று அத்தை அவளை லீவு போடவைத்து வீட்டுக்கே வரவழைத்துவிட்டார். அவளுக்கு ஸ்டோரும் கிடையாது, மலாய்க்கார அக்காவும் கிடையாது. அவள் உண்மையாகவே இருந்தாள். மிளகும் தண்ணீரும் மட்டும்.

நான்காம் நாள் நானும் லீவு எடுத்திருந்தேன். மத்தியானம் குளியலறையில் வாளி விழும் சத்தம் கேட்டு ஓடினேன். சுவரைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்திருந்தாள். உதடு வெளுத்துப்போயிருந்தது. தூக்கிக் கொண்டுவந்து கட்டிலில் படுக்கவைத்தேன். அத்தை முன்னறையில் ஜபமாலையோடு இருந்தார், அவரும் பட்டினிதான். அவருடைய பட்டினியில் கள்ளம் இல்லை, அதை நான் சொல்லியாக வேண்டும்.

"பால் கொண்டாரேன், குடி," என்றேன்.

அவள் என் கையைப் பிடித்தாள். "வேணாம் அண்ணி. உங்ககிட்ட மட்டும் சொல்றேன். எனக்குத் தள்ளிப் போயிருக்கு. இன்னும் டெஸ்ட் பண்ணல."

"அப்ப ஏண்டி பட்டினி கெடக்குற? இப்பவே எந்திரிச்சு சாப்புடு."

"நடுவுல விட்டா கெடச்சதும் போயிரும் அண்ணி. நீங்க ஆறு நாளும் தாங்குனீங்கள்ல? அதனாலதான நின்னுச்சு?"

அத்தனை வருடம் ஊருக்கு விட்ட கதை இப்படி என் வீட்டுக் கட்டிலிலேயே வந்து படுத்துக்கொள்ளும் என்று நான் நினைக்கவில்லை. இவளுக்கு ஒன்று ஆனால் அது என் வாயால் ஆனது.

"நான் தாங்கல," என்றேன். "தெனமும் சாப்பிட்டேன். நாசி லெமாக். முட்டையோட."

அவள் சிரித்தாள். "என்னைச் சாப்பிட வைக்கிறதுக்காகச் சொல்றீங்க."

"சத்தியமா."

"சும்மா இருங்க அண்ணி."

எத்தனை தடவை சொல்லியும் நம்பவில்லை. பொய்யை ஊரே நம்பியது, உண்மையை நம்ப ஒருத்தி இல்லை. அடுப்படிக்குப் போனேன். பாலர் பள்ளியிலிருந்து வரும் மகளுக்காக வடித்த சோறும் பருப்பும் உருளைக்கிழங்குப் பிரட்டலும் இருந்தன. ஒரு தட்டில் மலையாகப் போட்டுக்கொண்டு வந்து கட்டிலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். காப்புக் கட்டிய கையில் தட்டைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் பிசைந்து முதல் வாயை நான் போட்டுக்கொண்டேன். இரண்டாவது வாயையும். மென்று விழுங்குவதை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். முகத்தில் சிரிப்பு நின்றுபோனது.

"நெசமாவா அண்ணி?"

"ஆமா. எம் மகளக் காப்பாத்துனது இதுதான். வாயத் தொற."

வாயைத் திறந்தாள். ஒரு உருண்டை ஊட்டினேன். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது, ஆனால் மென்றாள். அடுத்த உருண்டையை உருட்டும்போது வாசலில் நிழல் விழுந்தது. அத்தை நின்றுகொண்டிருந்தார். கையில் ஜபமாலை அப்படியே இருந்தது. எவ்வளவு நேரமாக நிற்கிறார், எதையெல்லாம் கேட்டார் என்று தெரியவில்லை.

எனக்குப் பயம் வரவில்லை. விசித்திரமாக, ஒரு நிம்மதிதான் வந்தது. திட்டட்டும், அழட்டும், தெருவில் நின்று கத்தட்டும், இன்றோடு இந்த வேஷம் முடிந்தது என்று நினைத்தேன். தட்டை மறைக்கவில்லை. அவர் மகளுக்கு ஊட்டிய கையை மடக்கவும் இல்லை.

அத்தை தட்டைப் பார்த்தார். தன் மகளின் வாயைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஆச்சரியம் என்று ஒன்று துளிக்கூட இல்லை. அப்போதுதான் எனக்குப் புரிந்தது, இவருக்கு இது புதிய செய்தி இல்லை.

"சன்னல் தெறந்து கெடக்கு," என்றார், குரலை உயர்த்தாமல். "கதவச் சாத்திட்டுச் சாப்புடுங்க. ஆறாம் நாளு ரெண்டு பேரும் கோயில்ல முன்னுக்கு நிக்கணும்."

மணியை உருட்டிக்கொண்டே முன்னறைக்குத் திரும்பிப் போனார். நான் கையில் சோற்றோடு உட்கார்ந்திருந்தேன். நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, சுவரைப் பிடித்துப் பிடித்துப் போய், முதலில் சன்னலையும் பிறகு கதவையும் அவளே சாத்தினாள்.