கூடாரப் பெருவிழாவில் என் கையில் தந்த புத்தகம்

சென்ற ஒக்ரோபரில், ஒரு திங்கட்கிழமை மாலை, ஒஸ்லோவில் யூதர்களின் தொழுகைக்கூடத்துக்குப் போய்வந்தேன். நான் சொல்லச் சொல்ல மகள் தட்டச்சுச் செய்கிறாள். எனக்கு எழுத்து வராது. இதை மறைத்துக்கொண்டு இந்தப் பயணத்தைச் சொல்ல முடியாது.

ரூத்தும் நானும் ஒரு சலவைக்கூடத்தில் இருபத்தாறு வருடம் ஒன்றாக வேலை செய்தோம். இலையுதிர்காலம் வந்தால் தங்கள் கூடாரப் பெருவிழாவுக்கு வரச்சொல்லிக் கூப்பிடுவார். அங்கே எல்லோருக்கும் ஒரு புத்தகம் கொடுப்பார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். அவருக்கு முன்னால் அதைத் தலைகீழாகப் பிடித்துவிடுவேனோ என்ற வெட்கத்தில் வருடாவருடம் ஒரு சாட்டுச் சொன்னேன். இந்தமுறை சாட்டு எடுபடாது. குளிர் தொடங்கமுன் அவர் பேர்கனில் இருக்கும் மகனிடம் ஒரேயடியாகப் போகிறார்.

என்னோடு வர இருந்த மருமகன் இரண்டு கிழமை முன்பே எங்கள் இருவரின் பெயரையும் பதிந்தார். பதியாமல் போனால் உள்ளே விடமாட்டார்கள். நாங்கள் இருக்கும் ரொம்மனில் ஐந்து பத்துக்கு நிலக்கீழ் ரயில்; முதியவருக்கு அரைக் கட்டணம். நகர நடுவுக்கு இருபத்திரண்டு நிமிடம், பிறகு இருபது நிமிட ஏற்றம். வாசலில் பொலிஸ், கடவுச்சீட்டு, பை சோதனை என்று இன்னும் கால்மணி போனது. தலைக்கு ஒரு சின்னத் தொப்பி தந்தார்கள். ஆண்களுக்குக் கீழே, பெண்களுக்கு மேல்மாடியில் இடம்.

புத்தகமும் வந்தது. என் மருமகன் பொறியியலாளர். "மாமா, இதிலை தொடக்கத்தையே காணேல்லை" என்று முணுமுணுத்தார். அது வலப்பக்கமிருந்து திறக்கும் புத்தகம். நான் பக்கத்து மனிதரின் கையைப் பார்த்துச் சரியாகத் திறந்தேன். அவர் புரட்டும்போது நானும் புரட்டினேன். நிமிர்ந்தால், மேலேயிருந்து ரூத் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தொழுகை முடிய முற்றத்துக் கூடாரத்துக்குப் போனோம். பலகைச் சுவர், மேலே ஊசியிலைக் கிளைகள். மழை தூறியது. ஒரு பொலித்தீன் விரித்தால் என்ன என்று கேட்டேன். வானம் தெரியவேண்டும், அதுதான் முறை என்றார் ரூத். பாணும் தேனும் என் பக்கம் தள்ளிவிட்டு, "நல்லா வாசிச்சீர். எந்த இடம் பிடிச்சது?" என்றார்.

எல்லாமே என்று சொல்லித் தப்பியிருக்கலாம். ஆனால் இனி எப்போது காண்பது?

"எனக்கு வாசிக்கத் தெரியாது, ரூத். ஒரு மொழியிலையும்."

"தெரியும். இருபத்தாறு வருசமும் கண்ணாடியை வீட்டிலை மறந்திட்டு வந்த ஆள் நீர் ஒருத்தர்தான்."

மருமகன் சிரித்தார். ரூத்தும் சிரித்தார். பிறகு சட்டென்று நிறுத்தினார்.

"அதுக்காகவோ இவ்வளவு காலமும் வரேல்லை?"

ஓம் என்றேன். அவர் கதிரையை என் பக்கம் இழுத்துப்போட்டார். பிறகு நான் புரட்டிய பக்கங்களில் என்ன இருந்ததென்று, ஒவ்வொன்றாக, பாண் நனைய நனையச் சொல்லித்தந்தார்.

போக விரும்புகிறவர்களுக்கு: அன்று மாலை அங்கே எழுதவோ படமெடுக்கவோ கூடாது. அவர்களின் உணவு விதிப்படி, வீட்டில் சமைத்ததை வாங்கமாட்டார்கள். வெட்டாத பழம் கொண்டுபோங்கள். மழைச்சட்டை வேண்டும். யாராவது கூப்பிட்டால் முதல் வருடமே போங்கள். நான் இருபத்தைந்து விழாக்களை வீட்டிலிருந்தே தவறவிட்டவன்.