சலவையில் போகாத வாசனை

என் கணவர் ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரிக்குப் போகும் முதல் பஸ்ஸை ஓட்டிக்கொண்டிருந்தார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில். கல்யாணமாகி மூன்றாவது வருஷம், மடியில் ஒரு பெண் குழந்தை. மார்கழிப் பனியில் டிரைவர் பக்கத்துக் கண்ணாடி இல்லாத வண்டியை ஓட்டிவிட்டு வந்து, மத்தியானம் வரைக்கும் விரலை மடக்க முடியாமல் உட்கார்ந்திருப்பார். அதனால்தான் அந்தக் கம்பளிக் கோட்டை வாங்கினோம்.

சந்தைக்குப் பக்கத்தில் ஒரு முஸ்லிம் பாய் பழைய துணிக் கடை வைத்திருந்தார். யுத்தம் முடிந்தபின் பட்டாளத்தில் கழித்துவிட்ட துணிமணிகளைப் பெங்களூரில் ஏலம் எடுத்து, மூட்டையாகக் கட்டி லாரியில் கொண்டுவருவார். காக்கிக் கம்பளிக் கோட்டு, முழங்கால் வரைக்கும் வரும். போட்டுப் பார்த்ததும் இவருக்குத் தைத்த மாதிரி இருந்தது. கடையில் ஒரு வாசனையும் வரவில்லை. நான் மோந்து பார்த்துத்தான் வாங்கினேன்.

நாலைந்து நாள் கழித்துச் சாப்பிட உட்கார்ந்தவர், "அந்தக் கோட்டுல என்னமோ நாத்தம் அடிக்குது" என்றார். "எனக்குப் பின்னாடி சீட்டுல உக்காந்தவங்க சூளகிரி வர்றதுக்குள்ள எழுந்து வேற இடத்துக்குப் போயிடறாங்க. கண்டக்டரே கேக்கறான், முன்னாடி ஏதாச்சும் எலி செத்துக் கிடக்குதான்னு."

ஆணியில் தொங்கிய கோட்டில் முகத்தைப் புதைத்துப் பார்த்தேன். பழங்கம்பளி வாசனை மட்டும்தான். அதை எடுத்து நானே போட்டுக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில், என் உடம்புச் சூடு அதில் ஏறியபிறகு, மெல்ல வந்தது. அழுக்கு நாற்றம் அல்ல. பூட்டிய அறையில் வாடிய பூமாலை, அதன்மேல் ஆஸ்பத்திரி மருந்து, அதற்கும் அடியில் விளக்கெண்ணெய். யாரோ எனக்கு மிக அருகில் நின்று மூச்சு விடுவது போல இருந்தது. அவசரமாகக் கழற்றிப் போட்டேன்.

பிறகு நான் செய்யாதது ஒன்றுமில்லை. சவுக்காரம் போட்டு அடித்துத் துவைத்தேன். உவர்மண் கரைத்த தண்ணீரில் ஊறவைத்தேன். பூந்திக்கொட்டை நுரையில் அலசினேன். கொதிநீர் ஊற்றியதில் கோட்டின் கை சுருங்கி, அவருடைய மணிக்கட்டு வெளியே தெரிய ஆரம்பித்தது. நாள் முழுக்க வெயிலில் காயப்போட்டால் காக்கி வெளிறியது; வாசனை போகவில்லை. கடைசியாகச் சாம்பிராணிப் புகை காட்டினேன். இரண்டு வாசனையும் கலந்து, சாவு விழுந்த வீடு மாதிரி ஆகிவிட்டது. அடுத்த போர்ஷனில் இருந்த தெலுங்குக்காரம்மா ஓடிவந்து, "ஏமி அக்கா, யாருக்கு என்ன?" என்று கேட்டேவிட்டாள்.

இவ்வளவையும் நான் சகித்துக்கொண்டிருப்பேன். என்னைப் பயமுறுத்தியது குழந்தைதான். அப்போதுதான் பேச்சு வந்துகொண்டிருந்த வயசு. அப்பா, அம்மா, காக்கா, இவ்வளவுதான் தெரியும். ஒரு நாள் அவர் கோட்டைப் போடாமலே டூட்டிக்குப் போயிருந்தார். காலையில் நான் அடுப்பண்டை இருக்கிறேன், கூடத்தில் குழந்தை யாருடனோ கொஞ்சுகிற சத்தம் கேட்கிறது. எட்டிப் பார்த்தால், ஆணியில் தொங்கும் கோட்டுக்கு முன்னால் நின்றுகொண்டு, தூக்கச் சொல்லி இரண்டு கையையும் நீட்டுகிறது. "மாமா" என்கிறது. எனக்கு அண்ணன் தம்பி கிடையாது. அந்த வார்த்தையை எங்கள் வீட்டில் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, கோட்டைச் சுருட்டி எடுத்துக்கொண்டு நேராகப் பாய் கடைக்குப் போனேன். பாய் கோட்டைத் தொடவில்லை. "மூட்டையா வருதும்மா. எது யாரோடதுன்னு எனக்கெப்படித் தெரியும்?" என்றார். உள்ளேயிருந்து அவர் வீட்டம்மா வந்தார். கிழிசல்களைத் தைத்துச் சீர்பண்ணுவது அவர்தான். கோட்டை மடியில் போட்டு, உள்துணியைக் கையால் தடவிக்கொண்டே போனவர் இடது மார்புப் பக்கம் நிறுத்தினார்.

"தங்கச்சி, நீ வெளிய துவைச்சிருக்கே. உள்ள பஞ்சு இருக்குதில்ல, அது எப்பிடி வெளுக்கும்? இந்த எடத்துல தையல் வேற மாதிரி இருக்குது பாரு. யாரோ கையால போட்டது."

"பிரிச்சுப் பாக்கலாமா?"

"உன் வீட்டுக்காரர் வரட்டும். அவரையும் வெச்சிக்கிட்டுப் பிரிக்கலாம்."

அன்று சாயங்காலம் அவர் டூட்டி முடிந்து கடைக்கே வந்தார். நாலு பேரும் உட்கார்ந்தோம். அந்த அம்மாள் கத்தரிக்கோல் நுனியால் தையலை ஒவ்வொன்றாக எடுத்தார். உள்ளே பஞ்சு கறுத்து, பலகை போல இறுகிக் கிடந்தது. கம்பளியில் ஒரு துளை. அதை உள்பக்கமாக இழையோட்டி மூடியிருந்தார்கள். அந்தப் பஞ்சுக்கு நடுவில் மஞ்சள் துணியில் முடிந்த ஒரு சின்ன முடிச்சு இருந்தது. அந்த அம்மாள் அதை என்னிடம் நீட்டினார். நான்தான் அவிழ்த்தேன்.

குழந்தை முடி. ஒரு சுருள். விளக்கெண்ணெய் தடவியது, பட்டு மாதிரி, கொஞ்சம் செம்பட்டை. என் இடுப்பில் இருந்த குழந்தையின் தலையும் அப்படித்தான் இருந்தது.

இவர் எழுந்து வெளியே போய்விட்டார். திரும்பி வந்தபோது, "பஞ்ச கொளுத்திடலாம்" என்றார்.

"முடிய?" என்றேன்.

"தென்பெண்ணையில வுட்டுடலாமா?" என்று பாய் கேட்டார்.

"வேணாங்க" என்றார் இவர். "செத்தது அந்த ஆளு. புள்ள எங்கயோ உசுரோட இருக்குதோ என்னமோ. உசுரோட இருக்கற புள்ளையோட முடிய ஆத்துல வுடறதா?"

கடைசியில் நான்தான் சொன்னேன், எங்கே இருந்ததோ அங்கேயே இருக்கட்டும் என்று. பஞ்சைக் கடைக்குப் பின்னால் வைத்துக் கொளுத்தினார்கள். புகை மேலே எழும்பாமல் தரையோடு தரையாக நெடுநேரம் நகர்ந்தது. மஞ்சள் துணியை மட்டும் நான் அலசி உலர்த்தினேன். முடியை நனைக்க மனம் வரவில்லை. மறுநாள் அந்த அம்மாள் புது இலவம்பஞ்சு வைத்து, நடுவில் முடிச்சை வைத்து, அதே இடத்தில் தைத்துக் கொடுத்தார்.

வாசனை நின்றுவிட்டது. பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னால் மறுபடி ஆட்கள் உட்கார்ந்தார்கள். குழந்தை மட்டும் ஓரிரு நாள் அந்த ஆணிக்குக் கீழே போய் நின்று, வாசல் பக்கம் திரும்பி, யாரோ போன வழியைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு அதுவும் மறந்துவிட்டது. அந்த வார்த்தையை வெகுநாளைக்கு அது சொல்லவே இல்லை.

இவர் அந்தக் கோட்டைப் பல வருஷம் போட்டுக்கொண்டார். பனி மூடிய இடங்களில் தன்னையறியாமல் இடது கை ஸ்டியரிங்கை விட்டு மார்புக்குப் போய்விடும் என்று ஒருமுறை சொன்னார். அதற்குமேல் அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதில்லை.

ஆனால் பாய் வீட்டம்மாவுக்கும் எனக்கும் அதன்பிறகு ஒரு பழக்கம் வந்துவிட்டது. பெங்களூர் மூட்டை வந்தால் ஆள் அனுப்புவார். நான் போவேன். கதவைச் சாத்திக்கொண்டு, கோட்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்போம், உடம்புச் சூடு ஏறும்வரை காத்திருப்போம். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. பூச்சி உருண்டை வாசனை, புகையிலை வாசனை, அவ்வளவுதான். ஒருமுறை மட்டும், ஒரு சின்ன அளவுக் கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றவர் முகம் மாறியது. நான் அருகில் போய் மோந்து பார்த்தேன். எனக்கு எதுவும் தெரியவில்லை.

"உனக்கு வரலையா?" என்று கேட்டார்.

"இல்லக்கா. என்ன வாசனை?"

அவர் கோட்டைக் கழற்றி மடித்து, தன் சொந்தப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். அது விற்பனைக்கு வரவே இல்லை.